வெட்டிய இடத்தில் தழைப்பது எது? உறங்கிய மொட்டா, புதிதாய்ப் பிறந்ததா?

#1 கரிசல்காடு

முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் தழைக்கிறது. கறிவேப்பிலையைச் சுற்றிக் கொத்தும்போது வேரில் மண்வெட்டி பட்டால், பட்ட இடத்திலிருந்து கன்று கிளம்புகிறது. மணிபிளான்ட் இலையைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் போட்டால் கொத்துக் கொத்தாக வேர் விடுகிறது, ஆனால் வருடம் போனாலும் ஒரு துளிர் வருவதில்லை. தென்னையில் குருத்து அழுகினால் மரமே போய்விடுகிறது.

நான்கும் காயம்தான். முடிவு மட்டும் நான்கு விதம். "செடியின் எந்தத் துண்டிலிருந்தும் முழுச்செடி வரும்" என்று பாடத்தில் படித்த ஒரு வரியை வைத்து இதில் எதையும் விளக்க முடியவில்லை. எங்கே வெட்டுவது, எதைத் தடவுவது, எவ்வளவு நாள் பார்ப்பது என்ற முடிவுகளெல்லாம் இதைப் பொறுத்தவை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

#2 கணுவிடை

முதலில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று, ஏற்கெனவே இருக்கும் மொட்டு விழிப்பது. ஒவ்வொரு இலைக் கோணத்திலும் ஒரு மொட்டு உண்டு. இலை உதிர்ந்து, கிளை பருத்து, பட்டை மூடிய பிறகும் அது சாவதில்லை. வருடா வருடம் மரம் பருக்கும் அளவுக்குத் தானும் நீண்டு, பட்டைக்கு அடியிலேயே இருக்கும். நுனி இருக்கும்வரை அங்கிருந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் இதை எழவிடாது. நுனியை வெட்டினால் தடை நீங்குகிறது, நுனிக்குப் போன சர்க்கரையும் இங்கே திரும்புகிறது, மொட்டு கிளம்புகிறது. இதில் புதிதாக எதுவும் உருவாகவில்லை. கவாத்து, மறுதாம்பு (அறுத்த கட்டையே மறுபடி பயிராவது), வெட்டுக்கட்டையில் தழைப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. முருங்கைப் போத்தின் துளிரும் இதுதான்.

இரண்டாவது, மொட்டே இல்லாத இடத்தில் மொட்டு பிறப்பது. கறிவேப்பிலை வேரில் கணு கிடையாது, இலைக்கோணம் கிடையாது. அங்கே ஒரு துளிர் வந்தால், வேரின் உள்ளடுக்குச் செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு தண்டு நுனியைக் கட்டியிருக்கின்றன என்று பொருள். போத்தின் அடியில் வரும் வேரும் பெரும்பாலும் இப்படிப் புதிதாகப் பிறந்ததே. ஆக ஒரே போத்தில் மேலே முதல் வகை, கீழே இரண்டாம் வகை.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. துளிர் வந்த இடத்தில் தண்டைக் குறுக்காக, துளிரின் நடுவோடு சீவுங்கள். உறங்குமொட்டாக இருந்தால் தண்டின் நடுச்சோற்றிலிருந்து துளிர் வரை மரக்கட்டையைக் குறுக்கே கடந்து மெல்லிய இழை ஒன்று ஓடும். அந்த மொட்டு எத்தனை வருடம் காத்திருந்தது என்பதை அந்த இழை கடக்கும் வளையங்களே சொல்லும். புதிதாய்ப் பிறந்ததாக இருந்தால் இழை நடுச்சோற்றைத் தொடாது, காயம் பட்ட வயதின் அடுக்கிலிருந்தோ, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருந்து தண்டைப் பருக்கவைக்கும் கேம்பியம் என்ற அடுக்கிலிருந்தோ தொடங்கும்.

#3 தூர்வேர்

கணுவிடை சொன்ன முதல் வகைக்குக் கரும்புதான் நல்ல பாடம். கரணையில் கணுவுக்கு ஒரு பரு இருக்கிறது. கணுவை ஒட்டிய வேர்வளையத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது எல்லாம் முன்பே தயாரான வேர்த்தொடக்கங்கள். அதனால்தான் கரும்புக்கு வேர்ஊக்கி எதுவும் வேண்டியதில்லை, ஈரம் பட்டாலே போதும்.

மறுதாம்பில் பலர் தவறுவது இங்கேதான். வெட்டும்போது தரைக்கு மேல் ஒரு சாண் கட்டையை விட்டுவிடுகிறார்கள். மேலே இருக்கும் பருக்கள் முந்திக்கொண்டு முளைக்கின்றன. அந்தத் தூருக்குத் தன் வேர் மண்ணில் இறங்க வழியில்லை, பழைய வேரை நம்பியே நிற்கும், காற்றில் சாயும், மெலிந்த கரும்பாகப் போகும். தரைமட்டத்துக்கு அல்லது அதற்குச் சற்றுக் கீழே கூர்மையான மண்வெட்டியால் கட்டையைச் சீவினால் மண்ணுக்குள் இருக்கும் பருக்கள் எழும், ஒவ்வொரு தூரும் தனக்கென்று வேர் இறக்கும். அறுவடையான ஒரு வாரத்துக்குள் சீவ வேண்டும். தள்ளிப்போட்டால் வந்த முளையையும் சேர்த்துச் சீவ நேரும், அந்த முளையைக் கிளப்பச் செலவான சேமிப்பு வீண்.

வாழையில் இதையே தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றின் கிழங்கை எடுத்து, வேரையெல்லாம் சீவி, தண்டைக் கிழங்கோடு ஒட்டி வெட்டிவிட்டு, நடுக்குருத்தை 2 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிடுவார்கள். பிறகு கிழங்கின் தலையில் 6 முதல் 8 குறுக்குக் கீறல். ஈரமான மரத்தூளில் புதைத்து வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் சுற்றிலும் மொட்டுகள் கிளம்பும். அந்த மொட்டுகளின் நுனியையும் இதேபோல் தோண்டினால் அடுத்த அடுக்கு. குருத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதுவே மீண்டும் நேராக எழுந்து மற்ற மொட்டுகளை அடக்கிவிடும். 4 செ.மீ. என்று அளவு சொல்வது அதனால்தான்.

#4 செம்பருத்தி

மணிபிளான்ட் இலையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. வேர் புதிதாகப் பிறக்க முடிகிறது என்றால் துளிர் ஏன் பிறக்கக் கூடாது? ரப்பர் செடி இலையிலும் இதே கதை. வேரோடு பச்சையாக அப்படியே நிற்கிறது.

#5 ஆய்வகமேசை

செம்பருத்தி கேட்டதற்குப் பதில் சொல்ல, காயம் பட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும். இதில் பெரும்பகுதி அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் கண்டது.

வெட்டிய சில நிமிடங்களிலேயே காயத்திலிருந்து கால்சிய அலை பரவுகிறது. அடுத்த ஓரிரு மணி நேரத்தில் காயத்தை அறிவிக்கும் ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலம் உச்சத்துக்குப் போகிறது. ஜப்பானின் ரிக்கென் நிலையத்தார் 2011இல் விவரித்த விண்ட்1 என்ற மரபணு காயத்தால் தூண்டப்பட்டு, பக்கத்துச் செல்களை அவற்றின் பழைய வேலையிலிருந்து விடுவிக்கிறது. தக்காளியில் 2024இல் ரெஃப்1 என்று ஒரு சிறு பெப்டைடை (புரதத்துணுக்கை)க் கண்டார்கள். காயம் பட்ட செல் இதை வெளியே விட, அண்டைச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்து, கடைசியில் அந்த விண்ட்1 வகை மரபணுவைத்தான் இயக்குகிறது.

இதற்குள் இன்னொன்று நடக்கிறது. ஆக்சின் எப்போதும் தண்டு நுனியிலிருந்து அடி நோக்கியே கடத்தப்படும். வெட்டுவாயில் அதற்கு மேலே வழியில்லை, அணையில் நீர் தேங்குவதுபோல் தேங்குகிறது. அந்த அளவு ஒரு மட்டத்தைத் தாண்டினால் சாற்றுக்குழாய்களை ஒட்டிய இளஞ்செல்களில் வாக்ஸ்11 என்ற மரபணு இயங்குகிறது, அவை வேரின் மூலச்செல்களாக மாறுகின்றன. அராபிடாப்சிஸ் இலையை வெட்டி எந்த ஹார்மோனும் சேர்க்காத ஊடகத்தில் வைத்தாலே ஒரு வாரம் சொச்சத்தில் வேர் வெளியே தெரியும். வேருக்குத் தேவையான சரக்கு இலைக்குள்ளேயே இருக்கிறது என்பது இதன் பொருள்.

துளிர் அப்படி அல்ல. அதற்கு ஆக்சினை மிஞ்சும் அளவுக்குச் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் வேண்டும். அது பெரும்பாலும் வேரில் உற்பத்தியாகி மேலே வருவது. 1957இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் தண்டின் சோற்றை வைத்துக் காட்டியதே இன்றுவரை அடிப்படை: ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர், சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் துளிர், இரண்டும் சமமாக இருந்தால் கேலஸ் என்ற வடிவமில்லாத செல்திரள். முதன்முதல் தெரிய வந்த சைட்டோகைனினான கைனட்டினை 1955இல் பிரித்தது ஹெரிங் மீனின் விந்து டிஎன்ஏவிலிருந்து. அதற்கு முன்பே, 1941இல், ஊமத்தை இனத்தின் இளங்கருவை வளர்க்க இளநீர் பயன்பட்டிருக்கிறது. காரணம் பிறகுதான் தெரிந்தது: இளநீரில் ஜியாட்டின் வகைச் சைட்டோகைனின்கள் உண்டு.

இன்னொரு முக்கியமான செய்தி. கேலஸ் என்பதைக் குழந்தைநிலைக்குத் திரும்பிய செல்கூட்டம் என்றே நெடுநாள் நம்பினார்கள். 2010இல் அராபிடாப்சிஸில் பார்த்தபோது, இலையிலிருந்து எடுத்தாலும், இதழிலிருந்து எடுத்தாலும், கேலஸின் உள்ளமைப்பு பக்கவேர் தொடக்கத்தைப் போலவே இருந்தது. கிளம்புவதும் சாற்றுக்குழாயை ஒட்டிய, பெரிசைக்கிள் (வேரில் பக்கவேர் பிறக்கும் அடுக்கு) போன்ற செல்களிலிருந்து. அதாவது பாதை ஏற்கெனவே வேர்ப் பக்கம் சாய்ந்தது. வேராவது அந்தப் பாதையில் நேராகப் போவது, துளிராவது நடுவில் திரும்புவது. அந்தத் திருப்பத்துக்கு இரண்டு படிகள் உண்டு என்று 2015இல் திருவனந்தபுரம் ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த ஆய்வு காட்டியது. ப்ளெத்தோரா மரபணுக்கள் முதலில் செல்லுக்கு ஆக்கத் தகுதியைக் கொடுக்கின்றன, பிறகு தனியாகத் தண்டு நுனிக்கான மரபணுக்களை இயக்குகின்றன. முதல் படியை மட்டும் மீட்டுக் கொடுத்தால் துளிர்த் தொடக்கம் உருவாகிறது, ஆனால் நிறைவடைவதில்லை.

மணிபிளான்ட் இலை இந்தத் திருப்பத்துக்கு வராமல் வேரோடு நின்றுவிடுகிறது. வேர் வந்த பிறகு வேரிலிருந்து சைட்டோகைனின் மேலே வருகிறதே என்று கேட்கலாம். அது இலையின் பச்சையைக் காக்கிறது, ஆனால் காம்பில் அதைக் கேட்டுத் திரும்பத் தகுந்த செல் இல்லை. ரெக்ஸ் பிகோனியாவிலும் ஆப்பிரிக்க வயலட்டிலும் அந்தச் செல் இலையின் மேல்தோலிலேயே கிடைக்கிறது. நரம்பைக் குறுக்கே கீறி ஈரமணலில் படியவைத்தால், கீறல் ஒவ்வொன்றிலும் கன்று எழுகிறது.

மணிபிளான்டுக்கு ஒரே வழி: இலையோடு ஒரு கணுவையும் சேர்த்து வெட்டுங்கள். கணு இல்லாத இலைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

#6 கரிசல்காடு

மிக்க நன்றி ஆய்வகமேசை. ஒரு துணைக்கேள்வி. ஆக்சின் அடி நோக்கியே போகும் என்றால், போத்தைத் தலைகீழாக நட்டால் என்ன ஆகும்? சந்தையில் வாங்கும் போத்தில் எது அடி, எது தலை என்றே தெரிவதில்லை.

#7 மேட்டுத்தோட்டம்

1878இலேயே ஜெர்மனியின் ஃபெக்டிங் இதைச் சோதித்துவிட்டார். வில்லோக் குச்சியை ஈரக்காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டார். வேர், முன்பு அடியாக இருந்த முனையில்தான் வந்தது, துளிர் முன்பு தலையாக இருந்த முனையில். துண்டுதுண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் தன் அடியையும் தலையையும் மறப்பதில்லை. ஆகவே தலைகீழாக நட்ட போத்தில் வேர் வெளிக்காற்றில் வர முயன்று காயும், மொட்டு மண்ணுக்குள் அழுகும். தப்பிப் பிழைப்பது உண்டு, ஆனால் மெலிந்தே நிற்கும்.

அடையாளம் எளிது. இலை விழுந்த தழும்புக்கு மேல்பக்கம்தான் மொட்டு இருக்கும். மொட்டு எந்தப் பக்கமோ அது தலை. வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் வெட்டிவிட்டால் பிறகு சந்தேகம் வராது.

முருங்கைப் போத்து அழுகுவதற்கு வேறு காரணம். கட்டை மென்மையானது, நீர் கோத்தது. வெட்டிய அன்றே நட்டு, தினமும் நீர் விட்டால், வெட்டுவாயில் தோல் கட்டுவதற்குள் பூஞ்சை நுழைந்துவிடும். மணிக்கட்டுப் பருமனில், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் நிறுத்தி வையுங்கள். வெட்டுவாயின் செல்கள் சூபெரின் என்ற நீர்புகாப் பொருள் படிந்து மூடிக்கொள்ளும். பிறகு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். தலையில் சாணி உருண்டை வைக்கும் பழக்கம் பொருளுள்ளதுதான்: மேல்வெட்டு காய்ந்து பிளக்காமலும் மழைநீர் சோற்றுக்குள் இறங்காமலும் காக்கிறது. சாணியில் இருப்பது எதுவும் துளிரை வரவழைப்பதில்லை. களிமண்ணோ மெழுகோ வைத்தாலும் அதே பலன்.

துளிர் வந்ததும் போத்து பிடித்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். முதல் துளிர் கட்டையின் சேமிப்பில் வருகிறது. வேர் இன்னும் வராமலே நான்கு இலை விரியும், வெயில் ஏறியதும் ஒரே நாளில் துவண்டுவிடும். இரண்டாவது அடுக்கு இலை முழு அளவுக்கு விரிந்த பிறகே வேர் இறங்கியது என்று கொள்ளுங்கள். அதுவரை போத்தை அசைத்துப் பார்க்காதீர்கள், அப்போதுதான் பிறந்த வேர் கண்ணாடிபோல் முறியும்.

வேர்த்துண்டுக்கும் இதே திசைக்கணக்கு உண்டு. விதையில்லாத சீமைப்பலாவுக்கு வழக்கமான வழிகளில் ஒன்று வேர்த்துண்டு. விரல் பருமனுக்கு மேல், ஒரு சாண் நீளத்தில் வெட்டினால், மரத்தின் பக்கம் இருந்த முனையில் துளிர், எதிர்முனையில் வேர். எது எந்த முனை என்று தெரியாவிட்டால் படுக்கவைத்து, மெல்லியதாக மணல் மூடுங்கள். இதில் மொட்டு புதிதாகப் பிறக்க வேண்டும், ஆகவே மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இரண்டாம் வகைக்கு முதல் வகையின் வேகத்தை எதிர்பார்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

#8 செம்பருத்தி

வேர் வர இளநீர், தேன், கற்றாழைச் சாறு என்று பல காணொளிகள் வருகின்றன. இளநீரில் சைட்டோகைனின் என்றால் அது வேருக்கு எதிராகப் போகாதா?

#9 ஆய்வகமேசை

சரியாகப் பிடித்தீர்கள். இளநீர் வேரூக்கி அல்ல. அதன் சர்க்கரை மண்ணில் பூஞ்சைக்கும் விருந்து. தேன் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும், ஆக்சின் அதில் கிடையாது. எளிதாக வேர் விடும் செடியில் எதைத் தடவினாலும் வேர் வரும், பெயர் தடவியதற்குப் போய்விடுகிறது. தடவாத குச்சிகளைப் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

உண்மையில் வேலை செய்வது ஐபிஏ (இண்டோல் பியூட்ரிக் அமிலம்) என்ற ஆக்சின். இது தண்ணீரில் நேரடியாகக் கரையாது. 100 மில்லிகிராம் எடுத்து 50 மில்லி எத்தில் ஆல்கஹாலில் முழுதும் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 100 மில்லியாக்கினால் அது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). தண்ணீரை முதலில் ஊற்றினால் வெள்ளைத் துகளாகப் பிரிந்துவிடும், மறுபடி கரையாது. பொட்டாசியம் உப்பு வடிவில் கிடைத்தால் தண்ணீரிலேயே கரையும். இளந்தண்டுக்கு 500 முதல் 1000, பாதி முற்றியதற்கு 1000 முதல் 3000 பிபிஎம் வரை. அடி 1 செ.மீ. மட்டும் 5 நொடி முக்கி எடுத்து, ஆல்கஹால் ஆறியதும் நட வேண்டும். குச்சியை மொத்தக் கரைசலில் முக்காதீர்கள், தேவையானதைச் சிறு குவளையில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

அதிகம் போட்டால் என்ன ஆகும் என்பதை அடியிலேயே பார்க்கலாம். அடி வீங்கி, வெடித்து, பழுப்பேறி, கேலஸ் கட்டிக்கொண்டு வேர் இல்லாமல் நிற்கும். வேர்த்தொடக்கம் உருவாகும் முதல் சில நாளுக்குத்தான் ஆக்சின் மிகுதி தேவை. அதன் பிறகும் அளவு குறையாவிட்டால் அதே ஆக்சின் வேர் நீளுவதைத் தடுக்கும். மேலே மொட்டும் விழிக்காது. ஒரு தடவை முக்கிவிட்டு, பத்தாம் நாள் மறுபடி ஊற்றுவது கெடுதல்.

#10 பதியன்

ஆக்சின் தேங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் விண்பதியன்தான். கொய்யாவில் பென்சில் பருமனுள்ள கிளையில் இரண்டரை செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். உரித்ததும் கட்டை வழவழவென்று ஈரமாக இருக்கும். அந்த வழுவழுப்புதான் கேம்பியம். கத்தி முதுகால் அதைச் சுரண்டி, கட்டை மங்கலாக, சொரசொரப்பாக ஆகும்வரை விடாதீர்கள். பத்தில் எட்டுப் பதியன் தவறுவது இந்த ஒரு நிமிடத்தில்தான் என்பேன். கேம்பியம் ஒரு கீற்று மிஞ்சினாலும் அது இரு பக்கப் பட்டையையும் மெல்லிய பாலம்போல் இணைத்துவிடும், மேலிருந்து வரும் ஆக்சினும் சர்க்கரையும் அதன் வழியே இறங்கிவிடும், வேர் வராது.

பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள ஸ்பேக்னம் பாசியைச் சுற்றி, பாலிதீன் கட்டி, இரு முனையும் இறுக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிரித்துப் பார்த்தால் வளையத்தின் மேல் உதடு தடித்து, கீழ்நோக்கி மடிந்து, வெளிர்மஞ்சள் மணிமணியாகப் பொங்கியிருக்கும். அதுதான் கேலஸ். கீழ் உதடு வெட்டியபடியே ஒல்லியாக, காய்ந்து இருக்கும். ஒரே காயம், ஒரே ஈரம், ஒரே பாசி, ஆனால் வேர் வருவது மேல் உதட்டில் மட்டும். ஐபிஏ தடவுவதானால் அங்கே மட்டும் தடவினால் போதும். சில நாள் கழித்து அந்த மணிகளுக்குப் பின்னால், பட்டையைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முனைகள் வரும். கவனியுங்கள், வேர் கேலஸிலிருந்து வருவதாகத் தோன்றும், பெரும்பாலும் அதன் பின்னால் கேம்பியத்தை ஒட்டிப் பிறந்து அதைத் துளைத்து வருவதே. கேலஸ் பெரிதாக இருந்தால் வேரும் நிறைய வரும் என்ற கணக்கு அதனால் தவறு.

வேர் வெள்ளையிலிருந்து பழுப்பேறி, கிளைவிட்ட பிறகு, வளையத்துக்குக் கீழே பாதி வெட்டி ஒரு வாரம் விட்டு, பிறகு முழுவதும் வெட்டுங்கள். வேர் எத்தனை இருக்கிறதோ அதற்கேற்ப இலையைக் குறைத்து நட வேண்டும்.

#11 கரிசல்காடு

ரோஜாவில் வெட்டிய இடத்துக்கு அருகே, மண்ணை ஒட்டி, உருண்டையாகக் கட்டி வருகிறது. இதுவும் கேலஸா?

#12 கணுவிடை

வெட்டுவாயோடு நின்று, சில வாரத்தில் வளர்ச்சி அடங்கினால் கேலஸ். அடங்காமல் பெருத்து, கரடுமுரடாகக் கருத்து, வெட்டே இல்லாத இடத்திலும் வந்தால் கழலை நோய். 1907இல் அடையாளம் கண்ட அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா காயம் வழியே நுழைந்து, ஆக்சினும் சைட்டோகைனினும் செய்யும் மரபணுக்களைச் செடியின் செல்லுக்குள்ளேயே புகுத்திவிடுகிறது. பிறகு பாக்டீரியா இல்லாவிட்டாலும் கட்டி வளரும். காயத்துக்குப் பின் அணைய வேண்டிய விளக்கு அணையாமல் எரிகிற நிலை இது. மருந்தால் மீளாது. செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், அந்தக் குழியில் மறுபடி ரோஜா வேண்டாம். கத்திரியைச் செடிக்குச் செடி 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

#13 ஆய்வகமேசை

புதிதாய்ப் பிறக்கும் வகையில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். தாயைப் போலவே பிள்ளை இருக்கும் என்பது உறங்குமொட்டுக்கு உறுதி, புதுமொட்டுக்கு உறுதியில்லை.

மஞ்சள் விளிம்புள்ள மருள் செடியின் இலையைத் துண்டுபோட்டு நட்டால் வரும் கன்றுகளில் மஞ்சள் விளிம்பு இருக்காது, முழுப்பச்சைதான். அந்தச் செடியில் இரண்டு வகைச் செல்லடுக்குகள் ஒட்டி வாழ்கின்றன, இலைத்துண்டில் பிறக்கும் மொட்டு பச்சை அடுக்கிலிருந்து மட்டும் கிளம்புகிறது. விளிம்பு வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும், ஏனெனில் கிழங்கின் மொட்டில் எல்லா அடுக்கும் உண்டு.

திசு வளர்ப்பிலும் அப்படியே. எம்எஸ் என்ற ஊட்டக் கரைசலில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகார், பிஎச் 5.8, 1 மில்லிகிராம் பிஏபி என்ற சைட்டோகைனின், 0.1 மில்லிகிராம் என்ஏஏ என்ற ஆக்சின் சேர்த்துப் புகையிலை இலைத்துண்டை வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வெட்டு விளிம்பு நெடுகத் துளிர் வரும், துண்டின் நடுவில் வராது. காயம் இல்லாத இடத்துக்கு ஹார்மோன் மட்டும் போதவில்லை என்பதை இது அழகாகக் காட்டுகிறது. ஆனால் கேலஸாக நெடுநாள் வைத்திருந்து துளிர் எடுத்தால் மாறிய செடிகள் கூடும். எண்ணெய்ப்பனையில் கேலஸ் வழி வந்த மரங்கள் சில, காய்க்கும் வயதில்தான் கோணலான, எண்ணெய் குறைந்த பழங்களைக் காட்டின. மலேசிய ஆய்வாளர்கள் 2015இல் காரணத்தைக் கண்டார்கள்: கர்மா என்று பெயரிட்ட ஒரு தாவும் மரபுத்துண்டின் மேலிருந்து அதை அடக்கிவைத்த மெத்தில் என்ற வேதிப்பூட்டு திசு வளர்ப்பின்போது கழன்றிருந்தது. மரபெழுத்து மாறவில்லை, பூட்டுத்தான் போனது. வணிக நடவுக்கு மொட்டு வழியே பெருக்கிய கன்றை நாடுவது இதனால்தான்.

#14 தூர்வேர்

தென்னை விட்டுப்போயிற்று. அதற்கு நுனி ஒன்றே ஒன்று. இலைக்கோணத்தில் இருப்பது பாளை, கிளை மொட்டு அல்ல. தண்டில் கேம்பியம் வளையமும் கிடையாது. ஏறுவதற்கு வெட்டிய படி இருபது வருடம் கழித்தும் அப்படியே இருப்பதைப் பாருங்கள், விளிம்பில் கேலஸ் கட்டுவதே இல்லை. எனவே குருத்தழுகலில் நடுக்குருத்து சாய ஆரம்பித்ததும், அழுகிய பகுதியை நல்ல திசு தெரியும்வரை சீவி எடுத்து 10 சதவீத போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், இரும்புப் பாத்திரம் ஆகாது. அடிக்குருத்தின் ஆக்குத்திசு தப்பியிருந்தால் மாதங்கள் கழித்துப் புதுக்குருத்து வரும். அது போயிருந்தால் அந்த மரத்தில் விழிக்க வேறு மொட்டு இல்லை.

எதிர்க்கோடியில் சீமைக்கருவேலம். தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கிறதே என்பார்கள். அதன் மொட்டுகள் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. வெட்டு அந்தக் கழுத்துக்குக் கீழே விழ வேண்டும். ஓரடி தோண்டிக் கழுத்தையும் சேர்த்து எடுத்தால் மறுபடி வராது. மேலே வெட்டுவது கவாத்து செய்வதற்குச் சமம்.

தைலமரத்தைத் தழைக்கவைக்க இதற்கு நேர் எதிர்: 10 முதல் 15 செ.மீ. கட்டை விட்டு, நீர் வடியச் சாய்வாக, பட்டை கட்டையிலிருந்து பிரியாமல் வெட்ட வேண்டும். பட்டை பிரிந்த பக்கத்தில் மொட்டு இறந்துவிடும். ஆறு மாதம் போல் ஆனதும் கட்டைக்கு இரண்டு தளிரை விட்டு மற்றதை நீக்குங்கள். காற்று வரும் திசையில் ஒட்டியிருப்பதை வைத்துக்கொண்டால் பிளந்து விழாது.

#15 செம்பருத்தி

கடைசியாக ஒன்று. நல்ல காய் காய்க்கும் முப்பது வருட நாவல் மரம். அதிலிருந்து எடுத்த குச்சிகள் ஐபிஏ போட்டும் வேர்விடுவதில்லை. அதன் விதையில் வந்த நாற்றின் குச்சியோ எளிதாக வேர்விடுகிறது. இது ஏன்?

#16 கணுவிடை

வயது. மரத்துக்கு முப்பது என்றாலும் எல்லாப் பகுதிக்கும் முப்பது அல்ல. பூக்கும் உச்சிக்கிளை முதிர்ந்தது, அடிமரத்தின் உறங்குமொட்டு மரம் சிறுகன்றாக இருந்தபோது வைத்தது, ஆகவே இளமை மாறாதது. அராபிடாப்சிஸிலும் புகையிலையிலும் செடி முதிர முதிர மைக்ரோஆர்என்ஏ 156 (மரபணுக்களை அடக்கும் ஒரு சிறு ஆர்என்ஏ) குறைகிறது, அதோடு துளிர் மீளும் திறனும் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். நாற்றங்காலில் நெடுநாளாக அடிமரத்தைத் தழைக்கவைத்துக் குச்சி எடுப்பதும் இதையொட்டியதே.

நாவலுக்கு இப்படிச் செய்யுங்கள். முழு மரத்தையும் வெட்ட வேண்டாம். அடிமரத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், விரல் பருமனுக்கு மேற்பட்ட பக்கக்கிளை ஒன்று இருந்தால் அதை ஒரு சாண் கட்டை விட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் பட்டையில் மொட்டுத்தழும்பு ஒன்றைத் தேடி, அதற்கு ஒரு விரல் மேலே, பட்டையை மட்டும் அரைவட்டமாகக் கீறி ஒரு விரலளவு நீக்குங்கள். மேலிருந்து வரும் ஆக்சின் அங்கே தடைபட்டுக் கீழே இருக்கும் மொட்டு விழிக்க வாய்ப்பு உண்டு. ஒட்டுக்கட்டியிருந்தால் ஒட்டுக்கு மேலே கீறுங்கள், கீழே வருவது வேர்ச்செடியின் துளிர்.

வரும் தளிர் கைவிரல் நீளம் ஆனதும், அடி இன்னும் பச்சையாக இருக்கையிலேயே, இரண்டு இலையோடு கிள்ளி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, 1000 பிபிஎம்மில் முக்கி, கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவும் மணலும் சமமாகக் கலந்த தட்டில் வையுங்கள். மேலே பாலிதீன் மூடி, நிழல்வலைக்கு அடியில். தளிர் சிவப்பாக இருக்கும்போது எடுத்தால் அழுகும், அடி பழுப்பேறிய பிறகு எடுத்தால் பழைய சிக்கலே திரும்பும். இடையில் பத்துப் பதினைந்து நாள்தான் கிடைக்கும்.

#17 மேட்டுத்தோட்டம்

கணுவிடை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடிமரத்தைத் தழைக்கவைக்கும் முன் மரத்தின் சேமிப்பைப் பாருங்கள். நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் கவாத்துக்கு முன் செய்யும் சோதனை எல்லா மரத்துக்கும் பொருந்தும். பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் கருநீலமாக மாறினால் மாவுச்சத்து போதும், வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் மரம் காய்த்துக் களைத்திருக்கிறது, இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். நாவல் காய் ஓய்ந்த உடனே சோதித்தால் பெரும்பாலும் மஞ்சள்தான் நிற்கும். பருவமழையில் ஓர் அடுக்கு இலை முற்றிய பிறகு மறுபடி பாருங்கள்.